தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் ஒரே ஊரில் விழா: கார்த்தஹேனாவில் நான்கு நாள்கள்

செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில் கார்த்தஹேனா நகரின் பண இயந்திரத்துக்கு முன்னால், இடுப்பில் வாளும் தோளில் சிவப்புப் போர்வையுமாக ஒரு ரோமானியப் படைவீரர் வரிசையில் நின்றால், அவருக்குப் பின்னால் நிற்கும் உள்ளூர்க்காரர் தமது கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதுகூட இல்லை. ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையில், மூர்சியா நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இத்துறைமுக நகரத்தில், 1990ஆம் ஆண்டு தொடங்கி 'கார்த்தஹினேசெஸ் இ ரோமானோஸ்', அதாவது 'கார்த்தேஜியரும் ரோமானியரும்' என்ற பெயரில் 10 நாள் விழா நடந்துவருகிறது. விழாவின் கடைசி நான்கு நாள்களை நான் அங்கே கழித்தேன். அதில் எது நேரத்துக்குத் தகுந்தது, எதைத் தவிர்த்திருக்கலாம் என்பதை, போக நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்த விழாவின் தனித்தன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினின் கிழக்குக் கரை ஊர்கள் பலவற்றில் 'மூர்களும் கிறித்தவர்களும்' என்ற போர் விழா நடக்கிறது. அவற்றில் எந்தத் தரப்பு நம்முடையது, எது அயலானது என்பது தொடக்கத்திலேயே தீர்ந்துபோன கேள்வி. கார்த்தஹேனாவில் அப்படித் தீர்த்துவிட முடியாது. ஊரை நிறுவியவர்கள் ஒரு தரப்பு. அதைப் பிடித்துப் பெருநகராக்கியவர்கள் மறு தரப்பு. கி.மு. 227 அளவில் கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலின் மைத்துனரான ஹஸ்த்ரூபல், வட ஆப்பிரிக்காவில் இருந்த தமது தாய்நகரமான கார்த்தேஜின் பெயரையே, 'புதிய நகரம்' என்று பொருள்படும் கார்த் ஹதாஷ்ட் என்பதையே, இந்த இடத்துக்கும் வைத்தார். பின்னால் வந்த ரோமானியர், இரண்டு கார்த்தேஜ்களுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காக 'கார்த்தாகோ நோவா' என்றழைத்தபோது, அது பொருளளவில் 'புதிய புதிய நகரம்' ஆகிவிட்டது. ஊரார் இந்த இரட்டைப் பிறப்பை மறைக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் கார்த்தேஜியர் குழுவிலும் தங்கை ரோமானியர் குழுவிலும் இருப்பது வியப்புக்குரிய செய்தியன்று.

1990 என்பது ஒரு விழாவுக்கு மிக இளைய வயது. பாரம்பரியம் என்ற சொல்லை இங்கே கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் அந்த ஆண்டு தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1988இல், பழைய பேராலயத்தின் இடிபாடுகளை ஒட்டிய குடியிருப்புப் பகுதியின் அடியில் ஒரு முழு ரோமானிய நாடக அரங்கு இருப்பது தெரியவந்தது. அதே காலத்தில்தான் ஊரின் பிழைப்பு சரிந்துகொண்டிருந்தது: கப்பல் கட்டும் துறையும் தொழிற்சாலைகளும் ஆட்டம் கண்டன, கார்த்தேஜியர் காலத்திலிருந்து வெள்ளியும் ஈயமும் தந்த பக்கத்து மலைகளின் சுரங்கங்கள் மூடப்பட்டன, 1992 பிப்ரவரியில் வேலையிழந்தவர்களின் போராட்டத்தில் வட்டாரச் சட்டமன்றக் கட்டடமே தீக்கிரையானது. வெள்ளி தீர்ந்துபோன ஊர் தன் மண்ணுக்கடியில் இருந்த இன்னொரு செல்வத்தைத் தோண்டியெடுக்கத் தொடங்கிய காலத்தில் பிறந்தது இந்த விழா. 2017இல் அதற்குப் 'பன்னாட்டுச் சுற்றுலா முக்கியத்துவம் வாய்ந்த விழா' என்ற அரசு அறிவிப்பும் கிடைத்தது.

நான் செய்த பெரும் பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் நண்பகலில் வந்திறங்கி, குளித்துவிட்டு, நேராக மாலை நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டேன். பளபளக்கும் மார்புக்கவசங்களும் முரசுகளும் தீப்பந்தங்களும் கண்ணை நிறைத்தன. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அலுப்புத் தட்டியது. இந்த உடைகளை அணிந்துகொண்டு எந்த ஊரிலும் இதைச் செய்யலாமே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சான் ஹோசே குன்றின் கீழிருக்கும் பியூனிக் மதிலை, அதாவது கார்த்தேஜியர் கட்டிய மதிலைப் பார்த்த பின்புதான் எல்லாம் மாறியது. இரண்டு இணைச் சுவர்களும் அவற்றுக்கு நடுவே அறைகளுமாகக் கட்டப்பட்ட அந்த மதிலின் எஞ்சிய பகுதி, ஹஸ்த்ரூபல் நிறுவிய நகரத்தின் எல்லை. நகரத்துக்குள் நுழையும் நிலவழியைக் காத்து நின்றது அது. அந்தக் கற்களுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவருக்கு, மாலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரோமானியக் குழுவினர் வெறும் வேடதாரிகளாகத் தெரிவதில்லை. அதே கட்டடத்தில், பிற்காலத்துச் சிற்றாலயம் ஒன்றின் நிலவறைச் சுவரில் எலும்புக்கூடுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. விழாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பார்க்காமல் வர வேண்டாம்.

ஆகவே விழாவுக்குச் செல்பவர்களுக்கு என் உறுதியான பரிந்துரை, காலைகளை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள் என்பதே. நாடக அரங்கை அடைவதற்கு, 2008இல் திறக்கப்பட்ட, ரஃபேல் மொனேயோ வடிவமைத்த அருங்காட்சியகத்தின் வழியாகச் செல்ல வேண்டும். கீழிருந்து படிப்படியாக ஏறி, நிலத்தடி வழியொன்றைக் கடந்து, திடீரென்று வெளிச்சத்தில் இருக்கை வரிசைகளின் மேற்புறம் வந்து நிற்கும் அந்தக் கணத்தை நான் முன்கூட்டி விவரிப்பது முறையன்று. அரங்கு கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், அதாவது இந்த ஊரைக் கார்த்தேஜியரிடமிருந்து பிடித்த ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவின் போர் முடிந்து இரண்டு நூற்றாண்டுகள் கழித்துக் கட்டப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழாவின் பரபரப்பில் இரண்டையும் ஒரே காலமாக எண்ணிக்கொள்வது எளிது. துறைமுகத்தருகே இருக்கும் தேசிய நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில், இந்தக் கரைக்கு அப்பால் மூழ்கிய ஒரு பினீசியக் கப்பலிலிருந்து எடுத்த யானைத் தந்தங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின்மேல் பினீசிய எழுத்துகளில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஹன்னிபாலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய சரக்கு அது.

யானை என்றதும் ஒரு சிறு இடைச்செருகல். ஹன்னிபால் கி.மு. 218இல் இத்தாலி நோக்கிப் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். அவரோடு சென்ற யானைகள் ரோன் ஆற்றைக் கடந்தபோது 37 இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். அந்த யானைப் பாகர்களை அவர் 'இந்தியர்கள்' என்றே குறிப்பிடுகிறார். பாகன் எந்த நாட்டவனாயினும் அந்தத் தொழிலுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது என்பது அறிஞர் கருத்து. எப்படியிருந்தாலும், அணிவகுப்பில் உயிருள்ள யானையை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இனி முகாம். விழாவின் இதயம் அதுதான் என்று ஊரார் சொல்வார்கள். என் மதிப்பீட்டில் விழாவின் வயிறு என்று சொல்வது பொருந்தும். பழைய நகரத்துக்கு வடக்கே, கால்பந்து அரங்கத்தின் அருகில், ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு கோட்டை வாயிலையோ கோயில் முகப்பையோ மரத்தாலும் பலகையாலும் எழுப்பி, அதற்குள் மேசைகளையும் மதுக்கடையையும் வைத்திருக்கிறது. ரோமானியர் தரப்பில் குழுவை 'லெஹியோன்' என்றும் கார்த்தேஜியர் தரப்பில் 'த்ரோப்பா' என்றும் அழைக்கிறார்கள். முகப்புகளின் வேலைப்பாடு பாராட்டுக்குரியது: பக்கத்தில் போய்த் தட்டிப் பார்த்தால்தான் கல்லன்று என்று தெரியும் தூண்கள், தானித் தெய்வத்தின் குறி பொறித்த வாயில்கள், கவண் எறிவதில் பேர்பெற்ற பாலியாரிக் தீவு வீரர்களின் பெயரைத் தாங்கிய கொடி. மாலை ஏழு மணிக்குக் குழந்தைகள் மரவாள் சுழற்றிக்கொண்டும் பாட்டிமார் உடைகளின் ஓரத்தைத் தைத்துக்கொண்டும் இருக்கும் வேளையில் இங்கே வந்தால், ஊர் ஒன்று தன்னைத்தானே எப்படி நடத்திக்கொள்கிறது என்பதைப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு மேல் வந்தால் ஒலிபெருக்கியின் அதிர்வில் ஹன்னிபாலே தம் பெயரை மறந்திருப்பார். எனக்கு அந்த இரண்டாம் பாதி பிடிக்கவில்லை. அது என் வயதின் குறையாகவும் இருக்கலாம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலர்ந்த மொச்சை வகையைக் காரத்தோடு வேகவைத்த 'மிச்சிரோனெஸ்' மிகவும் பிடித்தது. ஆனால் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால், புலால் உண்ணாதவர்கள் மொச்சைதானே என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. இவ்வூருக்கே உரிய 'ஆசியாத்திகோ' என்ற காப்பியில் கட்டிப்பாலும் பட்டைத்தூளும் மட்டுமின்றி இரண்டு வகை மதுவும் இருக்கிறது. நான் அதைத் தெரியாமல் காலை பத்து மணிக்குக் கேட்டு, கடைக்காரரின் புருவ உயர்வைப் பரிசாகப் பெற்றேன்.

நாடக நிகழ்ச்சிகளில் நான் பார்த்தவை இரண்டு: ஹன்னிபால், ஹிமில்சே திருமணமும், ரோமானிய ஆட்சிமன்றக் கூட்டமும். இவற்றில் பங்கேற்பவர்களுள் பெரும்பாலோர் அந்தந்தக் குழுக்களின் உறுப்பினர்கள். குரல் நடுங்குவதும் வசனம் ஓரிடத்தில் தடுமாறுவதும் இயல்பு, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். குறை வேறொன்று. வசனம் முழுவதும் ஸ்பானிய மொழியில் இருப்பதால், மொழி தெரியாதவர் நீண்ட உரைகளின்போது உடைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது பெரிதும் உதவும். திருமணத்தைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்வது, காஸ்துலோ நகரத்துப் பெண்ணை ஹன்னிபால் மணந்தார் என்ற அளவில்தான். ஹிமில்சே என்ற பெயரை மூன்று நூற்றாண்டுகள் கழித்து எழுதிய ஒரு லத்தீன் கவிஞரிடமிருந்துதான் பெறுகிறோம். அந்த ஒரு வரியிலிருந்து ஊர் ஒரு முழுத் திருமணச் சடங்கைக் கட்டியெழுப்பியிருக்கிறது. வெள்ளிச் சுரங்க நாட்டின் ஐபீரியத் தலைவர்களோடு கார்த்தேஜுக்கு இருந்த உறவைப் புரிந்துகொள்ள அது நல்ல வழிதான் என்றாலும், மேடையில் அரசியலைக் காட்டிலும் காதலுக்கே நேரம் அதிகம்.

எல்லோரும் காத்திருக்கும் நிகழ்ச்சி பெரும்போர். அது கார்த்தேஜியப் படைகளின் கரையிறக்கத்துக்குப் பின்னர், துறைமுகத்தருகே மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்து மதிலை ஒட்டிய சரிவில் நடக்கிறது. இடம் மிகப் பொருத்தமானது: மேலே மதில், கீழே கடல், சரிவில் நின்று பார்க்கும் மக்கள். பண்டைத் தமிழ்ப் புறத்திணையில் முற்றுகையிடுபவனுக்கு உழிஞைப் பூவும் மதிலைக் காப்பவனுக்கு நொச்சிப் பூவும் உரியவை. ஸ்கிப்பியோவுக்கு உழிஞையையும் காவற்படைத் தலைவன் மாகோவுக்கு நொச்சியையும் மனத்துக்குள் சூட்டிக்கொண்டு நான் புல்லில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பே இடம் பிடிக்காவிட்டால் முன்னாலிருப்பவரின் தலைக்கவசத்தைத்தான் பார்க்க முடியும். முரசொலியில் படைகள் மோதும்போது நிலம் அதிர்வது மெய். நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் இவ்வளவு நெருக்கத்தில் மோதுவதற்கு எத்தனை மாத ஒத்திகை தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆனாலும் அந்தப் போரின் ஆகச் சிறந்த பகுதி அங்கே இல்லை. கி.மு. 209இல், இன்னும் இருபதுகளிலேயே இருந்த ஸ்கிப்பியோ 25,000 காலாட்களோடும் 2,500 குதிரைவீரர்களோடும் நிலவழியே வந்து சேர்ந்தார். அவருடைய துணைத்தளபதி லேலியஸ் கப்பற்படையோடு கடல்வழியை அடைத்தார். கார்த்தேஜின் மூன்று படைகளும் பத்து நாள் நடைக்கு அப்பால் இருந்தன. நகருக்குள் மாகோவிடம் ஆயிரம் வீரர்களும், ஆயுதம் கொடுக்கப்பட்ட ஊர்மக்களும் மட்டுமே. இருந்தும் மதிலின் உயரத்தால் முதல் தாக்குதல் தோற்றது. நகரத்தின் வடபுறம் பரந்து கிடந்த காயலில் மாலைவேளையில் நீர் வடியும் என்பதை மீனவர்களிடம் முன்பே விசாரித்து வைத்திருந்த ஸ்கிப்பியோ, கிழக்கே வாயிலருகில் மறுபடியும் தாக்கச் சொல்லிவிட்டு, 500 பேரை ஏணிகளோடு காயலுக்குள் இறக்கினார். நீர்க் கடவுளான நெப்டியூன் கனவில் வந்து உதவி செய்வதாக வாக்களித்திருக்கிறார் என்று அவர் முன்பே வீரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். ஆகவே நீர் வடியத் தொடங்கியபோது அவர்கள் அதைத் தெய்வச் செயலாகவே கண்டார்கள். காயல் பக்கத்து மதிலில் காவலே இல்லை. மீனவன் சொன்ன செய்தியைக் கடவுள் சொன்னதாக மாற்றிச் சொல்லத் தெரிந்த இளைஞனின் கதை அது. நாடகமாக்க அதைவிட நல்ல காட்சி வேறென்ன இருக்கிறது? விழாப் போரில் காயலும் இல்லை, மீனவனும் இல்லை. மோதல் இருக்கிறது, வெற்றி இருக்கிறது, கைத்தட்டல் இருக்கிறது.

இன்னொன்றும் விடுபடுகிறது. மதிலேறிய பின்னர் கண்ணில் பட்ட எவரையும் விடாமல் கொல்லும்படி ஸ்கிப்பியோ கட்டளையிட்டார் என்றும், ரோமானியர் பிடித்த ஊர்களில் நாய்கள்கூட இரண்டாக வெட்டப்பட்டுக் கிடப்பதைக் காணலாம் என்றும் பாலிபியஸ் எழுதுகிறார். மாகோ உட்கோட்டையை ஒப்படைத்த பிறகே கொலை நின்றது. குழந்தைகள் தோளில் அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சியில் இதைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பாளரின் உரையில் இரண்டு வரிக்கு இடமிருந்திருக்கும். அதேபோல், மதிலில் முதலில் ஏறியவருக்கு உரிய பொன்முடி யாருக்கு என்று காலாட்படையின் நூற்றுவர் தலைவன் ஒருவனுக்கும் கப்பற்படை வீரன் ஒருவனுக்கும் எழுந்த சண்டை கலகமாக வெடிக்கும் நிலைக்குப் போய், இருவரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள் என்று ஸ்கிப்பியோ தீர்ப்புச் சொல்லி இருவருக்கும் முடி சூட்டிய கதையை லிவி தருகிறார். ஆண்டுதோறும் எந்தக் குழுவின் உடை சிறந்தது என்று போட்டியிடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நகைச்சுவைக் காட்சி கிடைக்காது.

பேரணிவகுப்பு எதிர்பார்த்தபடியே நன்றாக இருந்தது; நீளம் மட்டும் கொஞ்சம் கூடுதல். சாலையோர நாற்காலிக்குப் பணம் கொடுப்பதா, நின்று பார்ப்பதா என்று தயங்குபவர்கள் உட்கார்ந்துவிடுவது நல்லது.

தங்குமிடத்தில்தான் எனக்கு மனக்கசப்பு. 'அமைதியான உள்முற்றத்து அறை' என்று எழுதி முன்பணம் வாங்கிய விடுதியின் அந்த உள்முற்றம், முரசுக் குழு ஒன்று நள்ளிரவுக்குப் பின் திரும்பிவரும் சந்தையொட்டிய தெருவுக்கு நேர்மேலே திறந்திருந்தது. வரவேற்பறையில் இருந்தவர் காதடைப்பான் ஒன்றைப் புன்னகையோடு நீட்டினார். விழா நாள்களில் பழைய நகரத்துக்குள் அறை எடுப்பவர் தூக்கத்தை மறந்துவிட வேண்டும். துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்திலோ வேறு ஊரிலோ தங்குவது மேல். அதேபோல், ஆங்கிலத்தில் நடத்தப்படும் நடைச்சுற்றுலா ஒன்றில் சேர்ந்தேன். வழிகாட்டி இளைஞர் மிகுந்த உற்சாகத்தோடு இன்றைய துறைமுகத்தைக் காட்டி, ஸ்கிப்பியோவின் வீரர்கள் இந்த நீரில்தான் நடந்து வந்தார்கள் என்றார். அவர் காட்டியது தென்திசை. அங்கே அவர்கள் நடந்திருந்தால் மூழ்கியிருப்பார்கள்.

இந்த நகரத்தைப் பற்றித் தவறாகச் சொல்வது பண்டைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பது ஓர் ஆறுதல். மதிலின் சுற்றளவு 40 ஸ்டேடியம் (பண்டைக் கிரேக்க நீள அளவு) என்று பலரும் எழுதுகிறார்கள், அது பொய், 20க்கு மேல் இல்லை, கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, நானே கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று பாலிபியஸ் சற்றுக் கோபமாகவே பதிவு செய்திருக்கிறார். விழாவின் அறிவிப்புப் பலகை ஏதேனும் ஒன்றில் அந்த வரியைப் பொறித்து வைக்கலாம்.

ஆடம்பர உடைகளையும் இரவுக் கொண்டாட்டத்தையும் விரும்புபவர்களுக்கு இந்த விழா எந்த முன்னேற்பாடும் இல்லாமலே நிறைவளிக்கும். வரலாற்றுக்காகப் போகிறவர்கள் குறைந்தது இரண்டு காலைகளை இடிபாடுகளுக்குக் கொடுத்தால், அந்த நிறைவு பல மடங்காகும். குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் வாரஇறுதியைத் தேர்ந்தெடுக்கலாம், கூட்டம் குறைவு. நான்கு நாள்களில் நான் கண்டதை வைத்து, மீண்டும் போவேனா என்று கேட்டால், போவேன். ஆனால் போருக்காக இல்லை.

கடைசி இரவு, முகாமில் புனித நெருப்பை அணைக்கும் நிகழ்ச்சிக்காக, பழைய நகரத்திலிருந்து வடக்கே நடந்துபோனேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மருந்துக்கடைகளும் நிறைந்த, சமதளமான அகன்ற தெருக்கள் அவை. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, அந்தத் தெருக்கள் அனைத்தும் பிற்காலத்தில் வடித்து மேடாக்கிய பழைய காயலின்மேல் நிற்கின்றன என்பது புரிந்தது. எனக்கு முன்னால் ரோமானிய உடையணிந்த ஐந்தாறு பேர், செருப்பு நனையாமல், கையில் பீர்க் குவளையோடு, ஸ்கிப்பியோவின் 500 பேர் மதிலை நோக்கி வந்த வழியை எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். என் ஸ்பானிய மொழி அதற்குப் போதவில்லை.